ராஜாவுக்கு வேகம் பிடித்த கதை

சென்ற ஞாயிறு பின்நேரம் நாலரை மணிக்கு, ஆறு வாரமாக நான் திறப்பதும் மூடுவதுமாக இருந்த பழைய கசெற் பெட்டியிலிருந்து இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரல் தள்ளாடாமல், இழுபடாமல் வந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் அந்த நேரத்தில் கடற்காற்று ஏறிவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன். கேட்டு முடித்ததும் கொப்பியை எடுத்து, அளவும் செலவும் மறப்பதற்குள் எழுதத் தொடங்கினேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் என் பிழைகளையாவது விடாதிருக்கட்டும் என்பதால் அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பெட்டி என் பெரிய மாமாவுடையது. வானொலியும் கசெற்றும் ஒன்றாக இருக்கும் ஜப்பான் தயாரிப்பு. எழுபதுகளின் கடைசியில் வாங்கியது. மாமா போய் மூன்று வருடமாகிறது. வீட்டைப் பெயின்ற் அடிக்கும்போது மச்சாள் அலுமாரிக்கு மேலிருந்து இதை இறக்கி, “உனக்குத்தானே இந்தக் குப்பையெல்லாம் பிடிக்கும்” என்று தந்துவிட்டாள். கூடவே ஒரு பிஸ்கட் தகரத்தில் மூன்று கசெற்றுகள். ஒவ்வொன்றும் அறுபது நிமிடம். முதலாவதில் நீல மையில் “ராஜா 1”, அடுத்ததில் “ராஜா 2 - 1980” என்று மாமாவின் கையெழுத்து. மூன்றாவதன் எழுத்து சுனாமித் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அலுமாரிக்கு மேலே இருந்த தகரம் தப்பியது. மேசையில் கிடந்த அந்த ஒரு கசெற்றை மட்டும் நான்கு நாள் கழித்துச் சேற்றுக்குள்ளிருந்து எடுத்து, கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாராம்.

“ராஜா” என்று மட்டும் எழுதினால் போதும் என்று மாமா நினைத்ததில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் வானொலிப் பேச்சில் ராஜா என்றால் வேறு ஆள் கிடையாது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவைக்கு முதல் அறிவிப்பாளராக வந்து வழியமைத்தவர் எஸ். பி. மயில்வாகனன். ஹிந்திச் சேவையில் அமீன் சயானி எப்படியோ, அப்படித் தென்னிந்தியாவிலும் பெயர் எடுத்தவர் அவர். அந்தப் பாதையில் பிறகு வந்த ராஜா காரைநகர்க்காரர். முழுப்பெயர் கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா. “திரை விருந்து” நிகழ்ச்சியில் படத்தின் வசனத்துக்கும் பாட்டு வரிக்கும் நடுவே தன் பேச்சைச் செருகி, யார் கேட்டார் யார் பதில் சொன்னார் என்று தெரியாதபடி தைத்துவிடுவார். பிற்காலத்தில் கொழும்பில் கொல்லப்பட்டார். நிலையத்தின் பெயர் 1967இல் கூட்டுத்தாபனம் என்று மாறியது. எங்கள் வீடுகளில் அது கடைசிவரை இலங்கை வானொலிதான்.

இந்த வேலையை நான் தொடங்கியதற்கு ஏக்கம் காரணமில்லை, எரிச்சல்தான் காரணம். எங்கள் வீதியால் தினமும் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கும் முச்சக்கரவண்டி ஒன்று ஒலிபெருக்கியுடன் போகும். பேசும் பொடியனுக்கு இருபது வயது இருக்காது. ஒரு நாள் நிறுத்தி, “ராஜாவைப் போலவே பேசுகிறாயே” என்றேன். “எந்த ராஜா அண்ணா?” என்றான். எங்கே பழகினாய் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் அறிவிப்புச் செய்த ஆசிரியரைப் பார்த்து என்றான். அந்த ஆசிரியர் யாரைப் பார்த்துப் பழகினார் என்று எனக்குத் தெரியும். கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவுக்கு நாற்பது வருடம் மைக் பிடித்தவரைப் பார்த்து. அந்த மைக் மாமா ராஜாவைப் பார்த்து. நகலின் நகலின் நகல் வீதியில் போகிறது, மூலம் பிஸ்கட் தகரத்தில் கிடக்கிறது. அன்றிரவே திருப்புளியை எடுத்தேன்.

பின்பக்க மூடிக்கு ஆறு திருகாணிகள். ஐந்தைக் கழற்றிவிட்டு மூடி வரவில்லையே என்று நெம்பியதில் ஒரு மூலை வெடித்தது. ஆறாவது பற்றரி வைக்கும் குழிக்குள் ஒளிந்திருந்தது. எந்தப் பெட்டியானாலும் முதலில் பற்றரிக் குழியைப் பாருங்கள்.

உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் இறப்பர் பெல்ற் இல்லை. பெல்ற் இருந்த இடத்தில் தார் இருந்தது. பழைய இறப்பர் இந்த வெக்கையிலும் ஈரக்காற்றிலும் கரைந்து, மோட்டார்க் கப்பியிலும் பெரிய சக்கரத்திலும் கறுப்புப் பாகாக ஒட்டியிருந்தது. விரலில் பட்டால் சட்டையில், சட்டையிலிருந்து கதிரையில், கதிரையிலிருந்து மனைவியின் பேச்சில். முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பாகு போயிற்று, ஆனால் மண்ணெண்ணெய் ஒரு வழுவழுப்பை விட்டுப்போனது. பிறகு போட்ட பெல்ற் அதில் வழுக்கியது. மறுபடி எல்லாவற்றையும் பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டியதாயிற்று. இரண்டு சிறிய போத்தல், ஒரு பைக்கற் காதுப் பஞ்சுக் குச்சி, இரண்டு இரவு. மண்ணெண்ணெய்க்கு இந்த வேலையில் இடமே இல்லை.

புது பெல்ற்றுக்கு அளவு எடுப்பதுதான் அடுத்த சிக்கல். பழையது உருகிவிட்டதால் அளக்க எதுவும் இல்லை. தையல் நூலைக் கப்பியிலும் சக்கரத்திலும் பெல்ற் ஓடவேண்டிய பாதையில் சுற்றி, வெட்டி, அடிமட்டத்தில் வைத்தேன்: 232 மில்லிமீற்றர். இழுவைக்காக ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து குறைத்தால் 220. தட்டைப் பெல்ற், அகலம் 4 மில்லிமீற்றர். இதுவரை சரி. இணையத்தில் “220” என்று தேடி ஒன்றுக்குக் கட்டளை கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்ததைப் பிரித்தால், கழுத்தில் மாலையாகப் போடலாம். நான் நினைத்தது சுற்றளவு. விற்றவர் எழுதியிருந்தது விட்டம். எனக்கு வேண்டிய விட்டம் 70. தபாலோடு 650 ரூபா. அந்தப் பெல்ற்றை இன்னும் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் புத்தி வருவதற்காக.

அது வரும்வரை பொறுக்காமல், வங்கியில் காசுக்கட்டுக்குப் போடும் இறப்பர் வளையம் ஒன்றை மாட்டி ஓடவிட்டதும் நடந்தது. ஓடியது. ராஜாவின் குரலும் வந்தது, வாவிக்குள் முங்கி முங்கி எழுந்து பேசுவதுபோல. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். அப்படி ஒன்று பாடினால் இப்படித்தான் இருக்கும். இறப்பர் வளையம் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இருக்காது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை அது இழுத்துவிடுகிறது. கடைசியில் நகரத்தில் ஒரு பழைய வானொலி திருத்துபவர், பால்மாத் தகரம் நிறையப் பெல்ற் வைத்திருந்தார். நூலைக் காட்டினேன். கணக்குக் கேட்காமல், தகரத்துக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்து, “இது” என்றார். இருநூறு ரூபா. சரியாகப் பொருந்தியது. முதலில் அவரிடம் போயிருக்க வேண்டும்.

ஒலித்தலை, நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டு, அதை அழுத்திப் பிடிக்கும் இறப்பர் உருளை மூன்றையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். உருளை கண்ணாடிபோல் இறுகி மினுங்கியது. 600 இலக்க அரத்தாளால் மெதுவாக ஒரு சுற்று உரசியதும் பிடிப்பு வந்தது. அதிகம் உரசினால் உருளை சப்பையாகிவிடும். நான் பத்து வரை எண்ணி நிறுத்தினேன்.

இனிக் கசெற்றுகள். “ராஜா 1”, “ராஜா 2” இரண்டின் ஓரத்திலும் வெள்ளைப் பூஞ்சணம். இவை ஐந்து திருகாணி போட்ட வகை என்பதால் திறக்க முடிந்தது. நாடாவை விரைவாகச் சுற்றும் வேகத்தில் ஓடவிட்டு, உலர்ந்த பஞ்சை மெல்லத் தொட்டுப் பிடித்தால் பூஞ்சணம் அதில் வந்துவிடும். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டாமல் இரண்டு நாள் தும்மினேன். “ராஜா 2” ஓரிடத்தில் அறுந்திருந்தது. அறுந்த இரண்டு முனையையும் சரிவாக ஒரே வெட்டில் வெட்டி, முனையோடு முனை முட்டவைத்து, பின்பக்கத்தில் ஒட்டு நாடா போடவேண்டும். நாடாவின் அகலம் 3.8 மில்லிமீற்றர்தான், கண் நோகும் வேலை. சாதாரண ஒட்டு நாடாவைப் போட்டேன். அதன் பசை இந்த வெக்கையில் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும் என்று பின்னர் தெரிந்தது. கணினியில் பதிந்து எடுத்தபின் அந்த ஒட்டை அவிழ்த்துவிட்டேன். நிரந்தரமாக வைப்பதென்றால் அதற்கென்றே உள்ள நாடா வேண்டும்.

உப்புத் தண்ணீர் குடித்த மூன்றாவது கசெற் உருக்கி ஒட்டிய வகை, திருகாணி இல்லை. சவர அலகால் விளிம்பைப் பிளந்தேன். உள்ளே நாடாவை ஒலித்தலையில் அழுத்தும் சிறு தகட்டில் துரு. அதன் பஞ்சுத் துண்டு காணவில்லை. நாடாச் சுருளின் ஓரம் முழுக்க உப்புப் பொரிந்திருந்தது. சுருளை அப்படியே கார் பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் ஒரு மணிநேரம் வைத்து, தண்ணீரை மாற்றி, மூன்று தரம் கழுவினேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிணற்றில் உப்பு இல்லாத கிணறு எது? மின்விசிறிக்குக் கீழே, வெயில் படாமல் மூன்று நாள் காய்ந்தது. புது உடலுக்காகக் காத்தான்குடியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். ஐம்பது ரூபாப்படி இரண்டு தேவாரக் கசெற் கிடைத்தன. காத்தான்குடியில் தேவாரம் எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். “வாங்குகிறவர் நீங்கள், சொல்லவேண்டியது நீங்கள்தான்” என்றார். தேவார நாடாவைப் பத்திரமாக வேறாகச் சுற்றிவைத்துவிட்டு, அந்த உடலுக்குள் மாமாவின் நாடாவைக் குடியேற்றினேன்.

எல்லாம் பூட்டி ஓடவிட்டபோது குரல் தள்ளாடவில்லை, ஆனால் சோம்பலாக இருந்தது. உண்டு முடித்துப் பாயில் சாய்ந்த ராஜா. புதிய பெல்ற்றின் தடிப்பு வேறு, மோட்டாரும் கிழடு. இந்த வகை மோட்டாரின் பின்புறத்தில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். இரும்புத் திருப்புளியை விட்டால் அது மோட்டார் உடலைத் தொட்டுவிடும், வேகம் அங்குமிங்கும் துள்ளும். பல்துலக்கியின் பிடியை அரத்தாளில் கூராக்கிக்கொண்டேன். அந்தச் செலவில்லாத கருவிதான் இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்தது.

திருகு கிடைத்தது, எவ்வளவு திருப்புவது? முறைப்படி என்றால், அறிந்த சுருதி பதிந்த சோதனைக் கசெற் வேண்டும். என்னிடம் இல்லை. ராஜாவின் குரலை நன்றாக அறிந்த ஒரு காது போதாதா என்று நினைத்தேன். மைக் மாமாவைக் கூட்டிவந்தேன்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. வந்து, தேநீரைத் தொடாமல், கண்ணை மூடி, சுட்டுவிரலை மேலே நீட்டி உட்கார்ந்தார். நான் திருப்பத் திருப்ப அந்த விரல் ஆடியது. “இன்னும் கொஞ்சம், மனே.” திருப்பினேன். “ராஜா இப்படி ஆறுதலாகப் பேசுகிற ஆளில்லை. இன்னும்.” திருப்பினேன். ஒரு கட்டத்தில் விரலை மடக்கினார். “இதுதான். அச்சொட்டாக இதுதான்.” எதிர்வீட்டு ஆச்சியும் வேலிக்கு அப்பால் நின்று ஓம் என்றார். எனக்கும் அப்படியே பட்டது. அந்த வேகத்தில் “ராஜா 1” முழுவதையும் அன்றிரவே கணினியில் பதிந்துவிட்டேன்.

சந்தேகத்தை எழுப்பியவள் என் மனைவி. பாட்டு ஓடும்போது உள்ளே வந்து, “சௌந்தரராஜனுக்கு எப்போது மீசை கொட்டியது?” என்றாள். கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். டி. எம். சௌந்தரராஜன் பதினைந்து வயதுப் பையனாகப் பாடிக்கொண்டிருந்தார். அறிவிப்பில் கேட்காத பிழை பாட்டில் அப்பட்டமாகக் கேட்டது. ராஜாவைப் பற்றி எங்கள் எல்லோர் தலைக்குள்ளும் ஒரு வேகம் இருக்கிறது. சௌந்தரராஜனைப் பற்றி அப்படி ஒன்று இல்லை; அவரைத் தினமும் யாரோ ஒருவர் ஒழுங்கான வேகத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் இந்த வேலையின் நல்ல பகுதி வருகிறது. மாமா கரண்ட்டில் வைத்துப் பதிந்திருந்தால், அந்தக் கரண்ட்டின் மெல்லிய இரைச்சலும் நாடாவில் ஏறியிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பெட்டிக்குள் அது இரட்டித்து 100 ஆக இரையும். நாடாவை இப்போது ஓட்டும்போது அந்த இரைச்சல் 100இல் விழுந்தால் வேகம் சரி. 103இல் விழுந்தால் நூற்றுக்கு மூன்று கூட. ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் யாரும் பேசாத, பாட்டும் இல்லாத இரண்டு விநாடியைத் தெரிவுசெய்து, எந்த ஹேர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைமாலையை வரையச் சொன்னேன். அளவை 65536 என்று வைத்தால்தான் ஒரு ஹேர்ட்ஸுக்குக் குறைந்த வித்தியாசம் தெரியும். முதலில் இருந்தபடி விட்டால் மொட்டைக் குன்றுதான் தெரியும்.

கூர்முனை சரியாக 100இல் நின்றது. மைக் மாமா வென்றுவிட்டார் என்று மனைவியிடம் சொல்லி, அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அது முட்டாள்தனம் என்று விடியற்காலையில் உறைத்தது. பெட்டியை நான் இப்போதும் கரண்ட்டில்தானே ஓட்டினேன்? நான் பார்த்தது 1980இன் இரைச்சலை அல்ல, என் வீட்டுச் சுவரின் இரைச்சலை. நாடாவே இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். அதே 100, அதே உயரம்.

பெரிய பற்றரி ஆறு வாங்கிவந்தேன்; 1,320 ரூபா, இந்தத் திட்டத்திலேயே மனம் நொந்த செலவு. பெட்டியைப் பற்றரியில் ஓட்டி, மடிக்கணினியின் வயரையும் கழற்றிவிட்டு மறுபடி பதிந்தேன். 100இல் இருந்த கூர்முனை மறைந்தது. அதற்குப் பக்கத்தில், இதுவரை அதன் நிழலில் நின்ற சின்ன முனை ஒன்று தனியே தெரிந்தது: 106.3. அதாவது மைக் மாமாவின் காது ராஜாவை நூற்றுக்கு ஆறுக்கு மேல் விரட்டியிருக்கிறது. பாட்டுக்காரர் கணக்கில் அரைச்சுருதிக்குச் சற்றுக் கூட.

பல்துலக்கிப் பிடியால் பின்னோக்கித் திருப்பினேன். ஒரு மயிரளவு திருப்பினால் மூன்று ஹேர்ட்ஸ் ஓடும். திருப்பு, பதி, பார், பதினோரு தரம். 100.1இல் கையை எடுத்தேன். அன்றைய கரண்ட்டும் துல்லியமாக ஐம்பதில் நின்றிருக்காது, ஆகவே அதற்குமேல் துரத்துவதில் பொருளில்லை. ஒத்துப் பார்க்க, கசெற்றில் இருந்த ஒரு பாட்டின் இறுவட்டுப் பதிவைப் பக்கத்தில் ஓடவிட்டேன். சுருதி சேர்ந்தது, மிக நுண்ணியதாக ஓர் அசைவு இருந்ததைக் கலையகத்தின் இசைத்தட்டுச் சுழலியின் கணக்கில் எழுதினேன்.

அந்த வேகத்தில் கேட்ட ராஜா வேறு ஆள். வேகக்காரர்தான், ஆனால் எல்லா இடத்திலும் வேகமில்லை. பெயர் வாசிக்கும்போது நிதானம்; ஊர்ப் பெயர்களுக்கு நடுவே ஒரு சின்ன நிறுத்தம், அந்தந்த ஊர்க்காரர் தலை நிமிர்வதற்கென்று விட்டதுபோல. பாட்டின் முன்னிசை தொடங்கியபின்தான் ஓட்டம் எடுக்கிறார். பாடகர் வாய் திறக்கும் இடத்துக்கு முன்னால் தன் கடைசிச் சொல்லை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். ஓரிடத்தை அலைவடிவத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன்: அவர் சொல் முடிவதற்கும் பாட்டின் முதற்சொல்லுக்கும் நடுவே கால் விநாடியும் இல்லை. இசைத்தட்டை முன்கூட்டிக் கேட்டு, விநாடி எண்ணிவைக்காமல் இது வராது. இந்த நிறுத்தங்கள் நகல்களில் இல்லை. ஒலிபெருக்கியில் நிறுத்தினால் கரண்ட் போய்விட்டதென்று சனம் நினைக்கும். அதனால் மைக் மாமா தலைமுறை நிறுத்தத்தை விட்டு ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது என்பது என் ஊகம். முச்சக்கரவண்டிப் பொடியன் இன்னும் வேகம். அவனுக்கு அடுத்த சந்தி வருவதற்குள் முடிக்கவேண்டும்.

மூன்றாவது கசெற்றை அதற்குப் பிறகுதான் போட்டேன். கழுவிய நாடா, நாலைந்து இடத்தில் குரல் அடியில் போய்வந்தது, உப்பு தின்ற இடங்கள். ஆனாலும் தெளிவு. மைக் மாமாவையும் மறுபடி அழைத்திருந்தேன். ராஜாதான், அதே வணக்கம், அதே தூக்கல். வழக்கம்போல இரைச்சல் முனையைத் தேடினேன். முனை ஓரிடத்தில் நிற்கவில்லை. 97, கொஞ்சம் தள்ளி 104, பிறகு 99. பெல்ற் வழுக்குகிறதா? “ராஜா 1”ஐப் போட்டேன், 100இல் அசையாமல் நின்றது. திரும்ப மூன்றாவது, திரும்ப ஆட்டம். ஒரு மணிநேரம் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ராஜா, மஞ்சள் சட்டை போட்ட நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று கிணற்றடியில் அழுதுகொண்டு நிற்பதாகவும், தாய்தகப்பன் உடனே வரவேண்டும் என்றும் அறிவித்தார்.

ஜெனரேற்றர். கோயில் திருவிழா. ஜெனரேற்றரில் பாரம் கூடக்குறைய, இரைச்சலும் ஏறி இறங்கும். இந்தப் பதிவின் இரைச்சலை வைத்து வேகம் பிடிக்க முயன்றிருந்தால் நான் இன்னும் திருப்பிக்கொண்டிருப்பேன். கரண்ட்டுள்ள வீட்டில் பதிந்த நாடாவை மட்டுமே அளவுக்கு எடுங்கள்.

மைக் மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். “யார் இந்தப் பொடியன்? பிழையில்லையே” என்றார். நான் பேசவில்லை. அடுத்து, கூத்து ஆடும் வட்டக்களரிக்கு அருகில் சைக்கிள் விட்டவர்களுக்கு ஒரு ஏச்சு வந்தது. அதில் “சைக்கிள்” என்ற சொல்லை அவர் ஒருவர்தான் அப்படிச் சொல்வார், நடுவில் ஓர் அழுத்தத்தோடு. விரல் இறங்கியது. தேநீரை எடுத்துக் குடித்தார். அது ஆறி இரண்டு மணிநேரமாகியிருந்தது.

“அந்தப் பிள்ளையின் தாய் வந்தாள், மனே,” என்றார். “வந்து எனக்குத்தான் ஏசினாள், ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன் என்று.”

அவருடைய பதிவின் வேகத்தை எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வி மிஞ்சியது. பெட்டி ஏற்கெனவே “ராஜா 1”க்குச் சரியாக நிற்கிறது, மாமா பதிந்ததும் இதே பெட்டியில்தான் என்று வைத்துக்கொண்டு அப்படியே விட்டேன். தன் இளவயதுக் குரலைக் கேட்டவர், அது கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றார். நான் திருகைத் தொடவில்லை.

செலவைக் கூட்டினால்: ஸ்பிரிட் 480, பஞ்சுக் குச்சி 150, கழுத்து மாலை 650, சரியான பெல்ற் 200, தேவாரக் கசெற் இரண்டு 100, பற்றரித் தண்ணீர் 250, வயர் 350, கணினியில் செருகும் சிறிய ஒலி அட்டை 1,450, பற்றரி 1,320. மொத்தம் 4,950 ரூபா. ஒலி அட்டையைத் தவிர்த்திருக்கலாம் என்று தோன்றக்கூடும். என் மடிக்கணினியின் மைக் துளை ஒற்றைத் தடம்தான் எடுக்கும், அதோடு விசிறியின் கிசுகிசுப்பையும் சேர்க்கும். முதலில் அதில்தான் பதிந்தேன், அத்தனையையும் அழித்தேன்.

மறுமுறை செய்வதென்றால் ஒழுங்கை மாற்றுவேன். கசெற்றைத்தான் முதலில் சுத்தம் செய்வேன். பூஞ்சணத்தோடு போட்டதில் துடைத்த ஒலித்தலையை மூன்று தரம் துடைக்க நேர்ந்தது. பெல்ற்றை நூலோடு கையில் எடுத்துப்போய் வாங்குவேன். முதல் நாளே பற்றரியில் ஓட்டுவேன். ஒலித்தலையின் சாய்வைத் திருத்தும் சிறு திருகாணியை, இசை கூர்மையாகக் கேட்கும்வரை, ஒவ்வொரு கசெற்றுக்கும் தனித்தனியே பார்த்துத் திருப்பவேண்டும். “ராஜா 2”க்கு நான் அதைச் செய்ய மறந்து, இரண்டாம் பக்கம் முழுவதும் போர்வைக்குள் பேசுவதுபோலப் பதிந்து வைத்திருக்கிறேன். அதை மறுபடி எடுக்கவேண்டும், பற்றரி தீர்வதற்குள்.

கணினியில் இப்போது “ராஜா 1” இரண்டு கோப்பாக இருக்கிறது. ஒன்றின் பெயர் “100”. மற்றது அழிக்கத் தவறிய பழைய பதிவு, 106.3. மைக் மாமாவின் பேரன் பென்டிரைவ் கொண்டுவந்தபோது இரண்டையும் திறந்து காட்டி, எது வேண்டும் என்று தாத்தாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். பையன் தொலைபேசியில் கேட்டான். இரண்டு மூன்று ஓம் சொல்லிவிட்டு வைத்தான்.

“சைக்கிளுக்கு ஏசுகிற கசெற் போதுமாம்.”